சாருமதிக்கு எப்படி வலிக்குது

கொஞ்சம் அக்கட்ட நகந்துக்கறீங்களா? போதுமுங்க, போதும். நான் ஒல்லிதான்.

அந்தா, முன்னால ரெண்டாவது சீட்டுல ஜன்னலோரம் ஒரு பொம்பள சாஞ்சிருக்கு பாருங்க, கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு, முந்தானையைத் தலையோட சுத்திட்டு. எங்கூட்டுக்காரி. சாருமதின்னு பேரு. பக்கத்துல எடம் காலியாத்தான் இருந்துச்சு. உக்காரப் போனேன். "நீங்க பின்னால போங்க, நான் கொஞ்ச நேரம் பேசாம வரணும்"னுட்டா. நானா அவளைப் பேசச் சொன்னேன்? நான் பேசுவேன், அவ கேட்டுட்டு வந்தாப் போதும். அதுவும் ஆகாதாம். சரி போகட்டும்னு இங்க வந்துட்டேன்.

கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றமுங்க. தலைவலிக்கு. தலைவலிக்கா இத்தனை தூரம்னு நினைப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க, அதுதானுங்க எங்க கஷ்டமே. கை ஒடிஞ்சா மாவுக்கட்டுப் போடுவாங்க, பாக்கறவங்க "அடடா"ம்பாங்க. இதுக்கு எதைக் காட்டறது?

நீங்க ஈரோடுதானுங்களே? அப்ப நேரம் கெடக்குது. கேட்டுட்டு ஒரு நாயம் சொல்லுங்க, எம்மேல என்ன தப்புன்னு. அந்த டாக்டரம்மா இன்னைக்கு என்னை ரூமை விட்டு வெளிய தாட்டி உட்டுடுச்சுங்க. ஊட்டுக்காரனை! இத்தனை மாசமா அவளைத் தாங்கு தாங்குன்னு தாங்கினவனை!

என் பேரு மகுடீஸ்வரன். கொடுமுடியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இன்சூரன்ஸ் ஏஜென்ட். பேச்சுதான் எனக்குச் சோறு போடுது. அவ எங்கூர்லயே ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடத்துல எல்கேஜி டீச்சர். ஒரே பையன், மெட்ராஸ்ல படிக்கறான். ஊட்டுல நாங்க ரெண்டு பேருதான். அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடம்னா உசுரு. மூக்கு ஒழுகிட்டு நிக்கற குழந்தைங்க நடுவுல இருந்தாத்தான் அவளுக்கு மூச்சே வரும். சாயந்திரம் வந்தா, எந்தக் குழந்தை என்ன சொல்லுச்சுன்னு சொல்ல ஆரம்பிப்பா. எனக்கு எங்கீங்க அதுக்கு நேரம்? ஒரு காதுல வாங்கிட்டு நான் பாட்டுக்குப் போனைப் பாத்துட்டிருப்பேன். அது எல்லா ஊட்டுலயும் நடக்கறதுதான்.

மாசி மாசம். சிவகிரியில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வண்டியில திரும்பி வந்துட்டிருந்தோம். பளபளன்னு மத்தியான வெயிலு. ரோட்டுல ஒரு ஸ்பீட் பிரேக்கர். வெள்ளைக்கோடு இல்ல, போர்டு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. யாரு போட்டாங்க, எதுக்குப் போட்டாங்கன்னு சாமிக்குத்தான் வெளிச்சம். பாலிசி எடுக்கற ஒரு பார்ட்டி போன்ல இருந்தாரு. நீங்க அப்படிப் பாக்காதீங்க, ரெண்டு கையும் ஹேண்டில்லதான் இருந்துச்சு. போனை ஹெல்மெட்டுக்குள்ள சொருகியிருந்தேன், அவ்வளவுதான். வண்டி ஒரு தூக்குத் தூக்குச்சு. நான் சுதாரிச்சுட்டேன். பின்னால திரும்பிப் பாத்தா அம்மணியைக் காணோம்.

ரோட்டுல மல்லாக்கக் கெடக்கறா. ரத்தம் இல்ல. ஒரு சிராய்ப்பு, அதுவும் முழங்கையில. கொஞ்ச நேரம் கண்ணைத் தொறக்கல. அப்பறம் தொறந்து, "ஏனுங்க, நாம சாப்பிட்டமா?"ன்னு கேட்டா. "சாப்பிட்டம் சாப்பிட்டம், பாயாசம் நல்லா இருந்துச்சுன்னியே"ன்னேன். சரின்னா. தண்ணி வாங்கிக் குடுத்தேன். குடிச்சுட்டு, "நாம சாப்பிட்டமா?"ங்கறா. ஆட்டோவுல ஏத்தினோம், "நாம சாப்பிட்டமா?" ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கறப்ப, "நாம சாப்பிட்டமா?" ஊட்டுல எதைச் சொன்னாலும் மறக்காத பொம்பள.

எங்கூருப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோம். ஆட்டோக்காரரு உள்ள போறப்பவே சொல்லிட்டாரு, "ஆக்சிடெண்ட்டுன்னு சொல்லாதீங்க, போலீஸ் கேஸாயிடும், அலைய முடியாது." நெசந்தானே? அதனால டாக்டர் கேட்டப்ப, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க சார்"னேன். இவ வாயைத் தொறந்தா. நான் கையை மெதுவா ஒரு அழுத்து அழுத்தினேன். மூடிக்கிட்டா. ஸ்கேன் எடுத்தாங்க. சுத்தம். "மூளை லேசாக் குலுங்கியிருக்கு. ஊமைக்காயம்தான், தானா ஆறிடும்"னு தாட்டி உட்டுட்டாங்க. "மூளையில ஒண்ணுமே இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு"ன்னு நான் சொந்தபந்தம், ஒரம்பரைக்காரங்க வர்றப்பெல்லாம் தமாஷ் பண்ணுவேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அவளும் சிரிச்சாள்னுதான் நினைக்கறேன். நான் பாக்கல.

தானா ஆறிடும்னாங்களே ஒழிய ஆறலீங்க.

முதல்ல என்ன சொன்னா? தலையைச் சுத்தி ஈரத்துண்டை முறுக்கிக் கட்டின மாதிரி இருக்குதுன்னா. சரி, மாத்திரை வாங்கிக் குடுத்தேன். பங்குனி பொறந்துச்சு. இப்ப வலது கண்ணுக்குப் பின்னால விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, ட்யூப் லைட்டைப் பாத்தா வாந்தி வருதுங்கறா. பாத்திரம் வைக்கற சத்தம் ஆகாது. தாளிக்கற வாசம் ஆகாது. ஈரோட்டுல ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு ஒரு மருந்து எழுதினாரு. மறுபடி வரச் சொன்ன அன்னைக்குப் போனா, இவ அங்க போய், "இப்ப பின்கழுத்துல இருந்து மேல ஏறுதுங்க டாக்டர், திரும்பினா ரூமே சுத்துது"ங்கறா. அவரு பேனாவை வெச்சுட்டு நிமிந்து பாத்தாரு. "போன தடவை கண்ணுன்னீங்க. அதுக்கு முன்னால தலையைச் சுத்தின்னீங்களாம். இப்ப கழுத்தா? எதும்மா நெஜம்?"னாரு. அத்தனை பேரு முன்னால. வெளிய நின்னவங்க எல்லாம் எட்டிப் பாக்கறாங்க. இவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "எல்லாமே நெஜந்தானுங்க"ன்னா. அவரு சிரிச்சுட்டாரு.

எனக்கு அவமானமாப் போச்சுங்க. அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன்.

எங்க தொழில்ல ஒரு விசயம் இருக்குதுங்க. க்ளைம் கேக்கறப்ப ஒரு எடத்துல ஒண்ணு, இன்னொரு எடத்துல ஒண்ணு சொன்னா, தீந்துச்சு. செத்தவன் செத்தது நெஜமா இருந்தாலும் கம்பெனி நம்பாது. வாக்குமூலம் ஒண்ணா இருக்கணும். அதனால நான் அவளை உக்கார வெச்சுச் சொன்னேன், "இங்க பாரு அம்மணி, இனிமே நீ மாத்தி மாத்திப் பேசாதே. டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். தலை முழுக்க வலி, விழுந்ததுல இருந்து வலி, எப்பவும் ஒரே மாதிரி வலி. அவ்வளவுதான்." அவ, "ஆனா ஒரே மாதிரி இல்லீங்களே"ன்னா. "இருந்தாலும் அப்படித்தான் சொல்லணும். அப்பத்தான் நம்புவாங்க"ன்னேன். எதுக்குச் சொன்னேன்? அவ நல்லதுக்குத்தானே?

அதுக்கப்பறம் எத்தனை டாக்டருங்க! கண் டாக்டர்கிட்டப் போனோம், கண்ணாடி குடுத்தாரு. மூக்கு டாக்டர்கிட்டப் போனோம், சளி கட்டியிருக்குன்னு ஆவி பிடிக்கச் சொன்னாரு. கரூர்ல ஒரு வைத்தியர் தைலம் குடுத்தாரு, அந்த வாசத்துக்கு இவ ரெண்டு நாள் எந்திரிக்கல. எல்லா எடத்துலயும் நான்தான் பேசினேன். தெளிவா, ஒரு வார்த்தை மாறாம. டாக்டருங்க என்னைப் பாத்துத்தான் தலையாட்டுவாங்க. இவ பக்கத்துல மடியில பையை வெச்சுட்டு உக்காந்திருப்பா. ஒரு டாக்டர், "அம்மா ரொம்ப சாதுவா?"ன்னு கேட்டாரு. "வாயில்லாப் பூச்சிங்க"ன்னேன்.

ஊட்டுல அவளை ஒரு வேலை செய்ய விடலீங்க. ரூமுக்குத் திரை போட்டேன், கட்டியான துணியா. லைட்டைப் போட மாட்டேன். சோறு அங்கயே கொண்டு போய்க் குடுப்பேன். அடிக்கடி போய்க் கதவைத் தொறந்து, "இப்ப எப்படி இருக்கு? இப்ப எப்படி இருக்கு?"ன்னு கேப்பேன். காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒண்ணு, ரொம்ப முடியலைன்னா மத்தியானமும் ஒண்ணு. மெடிக்கல்ல எனக்குத் தெரிஞ்ச பையன்தான், டாக்டர் சீட்டுக் கேக்க மாட்டான். ஒரு வேளை தவறினதில்லீங்க. அவளே, "இன்னைக்குப் பரவால்ல, வேண்டாம்"னாக்கூட, "வலி வந்தப்பறம் போட்டா கேக்காது, முன்னாடியே போடு"ன்னு வாயில போட்டுத் தண்ணி குடுப்பேன். எந்தப் புருசன் செய்வான், சொல்லுங்க?

ஆனா தேறலீங்க. காலையில எந்திரிக்கறப்பவே தலை பாரமா எந்திரிக்கறா. சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பா. ஒரு நாள் கதவைத் தொறந்தப்ப, "நான் இங்கயே செத்துப் போனாக்கூட நீங்க வந்து இப்ப எப்படி இருக்குன்னுதான் கேப்பீங்க"ன்னா. நான் அதைப் பெருசா எடுத்துக்கல. சீக்காளி பேச்சு.

பள்ளிக்கூடத்துல லீவு லீவுன்னு எத்தனை நாள் சொல்றது? ஜூன்ல தொறந்தப்பறமும் ஒரு மாசம் இழுத்துப் பாத்தேன். அப்பறம் நானே கரஸ்பாண்டென்டுக்குப் போன் போட்டு, "டீச்சர் இனிமே வர மாட்டாங்க சார், நீங்க வேற ஆளைப் பாத்துக்கங்க"ன்னு பக்குவமாச் சொல்லிட்டேன். இவகிட்டச் சொல்லல. சொன்னா வெசனப்படுவா. தலைவலி எச்சாயிடும். நல்லாத் தேறினப்பறம் சொல்லிக்கலாம்னு வெச்சிருந்தேன்.

ஆவணியில ஒரு நாள் காலையில நான் கரூருக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்துல இருந்து போன். பிரின்சிபாலம்மா. "சார், டீச்சர் இங்க வந்திருக்காங்க. எல்கேஜி ரூம்ல உக்காந்திருக்காங்க. அவங்க இனிமே வர மாட்டாங்கன்னு சொல்லியிருந்தீங்களே"ங்கறாங்க. வண்டியை எடுத்துட்டு ஓடறேன். போய்ப் பாத்தா, ரூம்ல வேற ஒரு பொண்ணு பாடம் நடத்திட்டிருக்குது. இவ கடைசியில, அந்தக் குட்டி நாற்காலியில, முழங்காலு ரெண்டும் நெஞ்சுல முட்ட உக்காந்திருக்கா. ரெண்டு காதையும் கையால பொத்திட்டு. குழந்தைங்க கத்தற கத்து உங்களுக்குத் தெரியுமே. கண்ணுல இருந்து தண்ணி வழியுது. ஆனா எந்திரிச்சு வரல. ஒரு குட்டிப் பொண்ணு அவ முழங்கையைப் பிடிச்சு இழுத்து, "மிஸ், நீங்க புது மிஸ்ஸா?"ங்குது.

"வா போலாம்"னேன். வந்தா. வாசல்ல வெச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டா. "என்னைக் கேட்டீங்களா?"

"எதைக் கேக்கணும்? உன் நெலைமைக்கு..."ன்னு நான் ஆரம்பிச்சேன்.

"என்னைக் கேட்டீங்களா?" மறுபடியும் அதேதான். சத்தம் போடல. ஊடு வர்ற வரைக்கும் வேற பேச்சில்ல. ஊடு வந்தும் பேச்சில்ல. எனக்கு அது ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. அவ சண்டை போட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். பதில் சொல்றதுல என்னை அசைக்க முடியாது.

ரெண்டு வாரங் கழிச்சு அவளே சொல்றா, "கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம், நரம்புக்கு. அப்பாயின்மென்ட் வாங்கியிருக்கேன். வர்ற வெள்ளிக்கெழமை." யாரு சொன்னாங்க, எப்ப போன் பண்ணினா, ஒண்ணும் தெரியாது. "நான் தனியாப் போயிக்குவேன்"னா. நல்லா இருக்குதே நாயம்! மயங்கி விழுந்தா யாரு பாக்கறது? கூடக் கெளம்பிட்டேன். அதுதானுங்க இன்னைக்கு.

டாக்டரம்மா பேரு ஹெப்சிபா. சின்ன வயசுதான். நான் பழைய காயிதம் எல்லாத்தையும் எடுத்து வரிசையா மேசை மேல வெச்சேன். டாக்டரம்மா அதைத் தொடல. இவளைப் பாத்து, "சொல்லுங்கம்மா, எப்படி வலிக்குது?"ன்னுச்சு.

நான் சொன்னேன். "தலை முழுக்க வலிங்க டாக்டர். விழுந்ததுல இருந்து. எப்பவும் ஒரே மாதிரி."

"சரிங்க சார். அம்மா, நீங்க சொல்லுங்க."

"அவங்களுக்குப் பேச வராதுங்க டாக்டர், பேசினா வலி எச்சாயிடும். அதனால நானே..."

"எப்படி விழுந்தீங்கம்மா?"

"பாத்ரூம்ல வழுக்கி..."ன்னு நான் ஆரம்பிக்கறேன், இவ, "வண்டியில இருந்துங்க டாக்டர்"ங்கறா. ரெண்டும் ஒண்ணா வந்து விழுந்துச்சு.

டாக்டரம்மா என்னையே பாத்துச்சு. அந்தப் பார்வை இருக்குதே, இருவது வருசத்துல எந்தப் பார்ட்டியும் என்னை அப்படிப் பாத்ததில்ல. "சார், நீங்க கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க"ன்னுச்சு. நான் எந்திரிக்கல. மறுபடியும் சொல்லுச்சு. நர்ஸு வந்து கதவைத் தொறந்து பிடிச்சுட்டு நிக்குது. என்ன செய்யறது? எந்திரிச்சேன். இவ என்னைத் திரும்பிப் பாக்கல.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. நான் அடிச்சு அவ விழுந்திருப்பாள்னு நினைச்சிருக்கு அந்தம்மா! என்னைப் போய்! கல்யாணமாகி இத்தனை வருசத்துல ஒரு நாள் கை நீட்டினவன் இல்லீங்க நான். வெளிய பெஞ்சுல உக்காந்துட்டிருக்கேன். உள்ள போய் சத்தியம் பண்ணலாமான்னு இருக்குது. கதவு மூடிக்கெடக்குது.

கதவுல சின்னதா ஒரு கண்ணாடி வெச்சிருக்காங்க. எந்திரிச்சுப் போய் அது வழியாப் பாத்தேன். தப்புன்னு தெரியும். பாத்தேன். சத்தம் கேக்கல, ஆனா அவ பேசிட்டிருக்கா. பேசறான்னா சும்மா இல்லீங்க. கையெல்லாம் ஆடுது. அவ கை அவ தலை மேல எங்கெங்கயோ போகுது. பின்கழுத்துல ரெண்டு வெரலை வெச்சு, அப்படியே மேல இழுத்துட்டு வந்து உச்சியில நிறுத்தறா. அப்பறம் வலது கண்ணு மேல உள்ளங்கையை வெச்சு அமுக்கி, அமுக்கி எடுக்கறா. அப்பறம் காத்துல என்னமோ கோணல் கோணலாக் கோடு போட்டுக் காட்டறா. அது என்ன கோடு? எனக்குத் தெரியல. அவ ஒரு தடவைகூட என்கிட்ட அந்தக் கோட்டைக் காட்டினதில்ல. டாக்டரம்மா தலையாட்டுது, எழுதுது, மறுபடி கேக்குது. இவ சிரிக்கறா. அழுதுட்டே சிரிக்கறா. எல்கேஜி கதை சொல்றப்ப அவ மூஞ்சி இருக்குமே, அந்த மூஞ்சி. நான் ரொம்ப நாளாப் பாக்காத மூஞ்சிங்க அது.

நர்ஸு வந்து, "சார், இங்க நிக்கக்கூடாது"ன்னுச்சு. போய் உக்காந்துட்டேன்.

எனக்கப்பறம் வந்தவங்கள்லாம் வாட்சைப் பாக்கறாங்க. அவ்வளவு நேரம். அப்பறம் கூப்பிட்டாங்க. இவ படுக்கையில உக்காந்து செருப்பு மாட்டிட்டிருந்தா. கழுத்தை அமுக்கிப் பாத்தாங்களாம், பேனாவை ஆட்டிக் கண்ணால பாக்கச் சொன்னாங்களாம், கண்ணை மூடிட்டு நிக்கச் சொன்னாங்களாம். யாரும் இதுவரைக்கும் அதெல்லாம் பண்ணலீங்க. பண்ணச் சொல்லி நான் கேக்கலைன்னு இல்ல, பண்ணணும்னே எனக்குத் தெரியாதே.

டாக்டரம்மா சொல்லுச்சு. "சார், இவங்களுக்கு இருக்கறது ஒரு தலைவலி இல்ல. மூணு. விழுந்தப்ப கழுத்தும் ஒடிஞ்ச மாதிரி பின்னால போயிருக்கு, பின்னால இருந்து ஏறற வலி அது. கண்ணுக்குப் பின்னால தெறிக்கறது, வெளிச்சம் ஆகாதது, கோடு கோடாத் தெரியறது வேற. அடிபட்டப்பறம் சில பேருக்கு அப்படி வரும். மாறி மாறி வர்றதாலதான் மாத்தி மாத்திச் சொல்லியிருக்காங்க. அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"மூணாவது?"ன்னேன்.

"தெனமும் காலையில பாரமா இருக்குதே, அது மாத்திரையால வர்றது. வலி மாத்திரையை மாசக்கணக்கா தெனமும் போட்டா, அந்த மாத்திரையே தலைவலியைக் குடுக்கும். யாரு வாங்கிக் குடுத்தது?"

நான்தான்னேன். என்ன சொல்றது வேற? நெஞ்சை நிமித்திட்டு வேற சொன்னேன், ஒரு வேளை தவறினதில்லைன்னு. அந்தம்மா அதையும் எழுதிக்குச்சு. ஏனுங்க, இது எந்த ஊரு நாயம்? தலைவலிக்கு மாத்திரை குடுத்தா தலைவலி வருமா? அப்ப அந்த லைட்டுப் போடாத ரூம்ல, அந்தத் திரைக்குப் பின்னால, நான் தண்ணியும் மாத்திரையுமாப் போய் நின்னதெல்லாம்... விடுங்க. எனக்கு இன்னும் அது பிடிபடல.

அந்த மாத்திரையை அடியோட நிறுத்தணுமாம். நிறுத்தினா முதல்ல ஒரு ரெண்டு வாரம் வலி கடுமையா வருமாம். பயப்படக் கூடாதாம், பொறுத்துட்டா எறங்கிருமாம். கழுத்துக்குப் பயிற்சி. படுக்கறப்ப ஒரு மருந்து, அது வேறயாம். இருட்டு ரூம்ல அடைஞ்சு கெடக்கக்கூடாதாம். கொஞ்சங் கொஞ்சமா வேலைக்கும் போகணுமாம். இவ வேணும்னே சொல்ல வெச்சாளோ என்னமோ! கடைசியா என்னைப் பாத்து, "சார், இனிமே அவங்க வலியை அவங்களே சொல்லட்டும்"னுச்சு. நான் சொன்னதுல என்னங்க கொறை? இப்ப உங்ககிட்ட இத்தனை நேரமாச் சொல்றனே, ஒண்ணு விட்டேனா?

இது எந்த ஸ்டாப்பு? பெருந்துறையா? வந்துருச்சா அதுக்குள்ள?

அட, இவ எதுக்கு எந்திரிக்கறா? அம்மணி! ஏ அம்மணி, இது பெருந்துறை! நம்ம ஈரோட்டுலதான் எறங்கி மாறணும்! உக்காரு, வண்டி எடுத்துருவான்! பையை எதுக்கு எடுக்கறே? இருங்க, கொஞ்சம் காலை ஒதுக்குங்க, ஒரு நிமிசம் போய் என்னன்னு கேட்டுட்டு வந்தர்றேன்.

...

உக்காந்துக்கறனுங்க. எடத்தை வெச்சிருந்தீங்களா. நல்லது.

போயிட்டா.

உங்களுக்குக் கேட்டிருக்காது, இந்த ஹாரன் சத்தத்துல. இங்க பெருந்துறையில அவளுக்கு அக்கா ஒருத்தி இருக்கா. அங்க போறாளாம். அந்த ரெண்டு வாரமும் அங்கதான் இருப்பாளாம். "ஆஸ்பத்திரியிலயே சொன்னேன், பஸ் ஏறறப்பவும் சொன்னேன், நீங்க கேக்கல"ங்கறா. சொன்னாளா? சொல்லியிருப்பா. நான் அப்ப டாக்டரம்மாவைத் திட்டிட்டிருந்தேன். "சரி, நானும் எறங்கறேன்"னு படியில காலை வெச்சேன். கண்டக்டர் விசிலை வாயில வெச்சுட்டுப் பாக்கறாரு. இவ கீழ நின்னு, கண்ணாடியைக் கழட்டினா. வெயிலுக்குக் கண்ணு கூசிக் கலங்குது, இருந்தாலும் கழட்டிட்டு என்னை நேராப் பாத்தா.

"நீங்க வேண்டாங்க"ன்னா. கோவமா இல்லீங்க. கோவமாச் சொல்லியிருந்தா நான் எறங்கியிருப்பேன். "நீங்க வந்தா, எப்படி இருக்குன்னு கேப்பீங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லிருவீங்க. இந்த வலி எப்படி வருது, எப்படிப் போகுதுன்னு நான் கொஞ்ச நாள் தனியாப் பாக்கணும். முடிஞ்சா நானே வர்றேன்"னா.

முடிஞ்சான்னு என்ன வார்த்தை அது?

"வலி கடுமையா வந்தா என்ன பண்ணுவே?"ன்னு கேட்டேன்.

"வலிக்கும்"னா.

விசில் அடிச்சுட்டாரு. நான் படியிலயே நின்னேன். அவ ரோட்டைக் கடந்து போறா. சத்தமான ரோடு, லாரி போகுது, பஸ் போகுது. நடுவுல நின்னு கழுத்தை ஒரு கையால பிடிச்சுட்டு, ரெண்டு பக்கமும் பொறுமையா முழு ஒடம்பையும் திருப்பிப் பாத்துட்டு, அக்கட்ட போயிட்டா. திரும்பின மாதிரி தெரியல.

நாயம் கேட்டனே, அது கெடக்கட்டுமுங்க. சரி, என்னத்தைச் சொல்லுவீங்க.

இருங்க, போன் அடிக்குது. பையன். அம்மாவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்னு காலையில சொல்லியிருந்தேன்.

அலோ. ஆமாடா, பஸ்ல. ஆமா, பாத்தாச்சு. நல்ல டாக்டருதான். என்ன சொன்னாங்களா? அம்மாவுக்கு வந்துடா, தலை முழுக்க...

...

இல்ல, கட்டாகல. இருக்கேன். கேக்குது.

டேய், எனக்குச் சரியாத் தெரியலடா. அம்மாவையே கேளு. ஆமா, அவளுக்கே போன் போடு, அவ சொல்லுவா. இல்ல இல்ல, இப்பப் போடாதே. பெரியம்மா ஊட்டுக்கு நடந்து போயிட்டிருப்பா. சாயந்திரமாப் போடு. அவ சொல்றப்ப குறுக்க பேசாமக் கேளு.